நாடி போட்ட தாளம்

உலகநாயகி கோயிலில் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர். சட்டைநாதன் அவருடைய மாணவர். ஆசிரியையைவிட இருபது வயது மூத்தவர். மனைவி போன பிறகு பேச ஆளில்லாத வாய், பாடக் கற்றுக்கொண்டது. திருவாதிரையன்று சன்னதியில் முதன்முறையாகத் தனியே பாட வேண்டும்.

அதற்கு முந்தின நாள் காலை, வகுப்பில் அவர் குரல் தெளிவாக இருந்தது.

"நேற்று உங்கள் 'நமசிவாய' 'தபசிவாய' என்று வந்ததே, ஐயா?"

"மூக்கடைப்புக்கு மாத்திரை வாங்கினேன், அம்மா. போதவில்லை. வீட்டிலிருந்த சளி மருந்தையும் குடித்தேன்."

"தூங்கினீர்களா?"

"இல்லை. மார்பு படபடவென்று அடித்தது. நாளைய நினைப்புதான்."

உலகநாயகி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மற்றக் கையால் தம் தொடையில் தாளம் போட்டார்.

"பாடுங்கள்."

இரண்டாம் அடியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, தாளம் ஓடுகிறது. கொஞ்சம் நிதானமாகப் போடுங்கள்."

"நான் போடவில்லை. உங்கள் நாடி போடுகிறது."

சட்டைநாதன் பாட்டை நிறுத்தினார்.

"உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதை மருந்துக் கடையில் சொன்னீர்களா?"

"கடைக்காரர் மூக்கைப் பற்றித்தான் கேட்டார்."

"மூக்கை மட்டும் கழற்றிக் கொண்டுபோயா காட்டினீர்கள்?"

அப்போதே வீட்டிலிருந்த மருந்துகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார்கள். அவர் அழுத்தத்தை இரண்டு முறை பார்த்தார். மாத்திரை அட்டையையும் மருந்துப் புட்டியையும் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"பெயர்தான் வேறு. இரண்டிலும் ஒரே மருந்து. மூக்கிலுள்ள ரத்தக் குழாயைச் சுருக்கும், மூக்கோடு நிற்காது. கொதிப்பு உள்ளவர்கள் கேட்காமல் இதைத் தொடக் கூடாது."

இரண்டும் அவர் மேசையிலேயே தங்கிவிட்டன. மாலைவரை சட்டைநாதனைப் படுக்கவைத்து, அழுத்தம் இறங்கிய பிறகே அனுப்பினார். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு கொடுத்தார்.

திருவாதிரை விடிந்தது. சன்னதி மணி அடித்தது. சட்டைநாதன் தூணோரம் நின்றார். மூக்கு மறுபடி அடைத்திருந்தது.

"கடையில் ஒரே ஒரு மாத்திரை வாங்கிக்கொள்கிறேன், அம்மா. பாடி முடித்ததும் விட்டுவிடுகிறேன்."

உலகநாயகி கையை நீட்டினார். சட்டைநாதன் தம் மணிக்கட்டைக் கொடுத்தார். ஆசிரியை கண்மூடி நாடித் துடிப்பை எண்ணினார்.

"'தபசிவாய' என்றுதானே வரும்? எல்லாரும் சிரிப்பார்கள்."

"வரட்டும். தாளம் சரியாக இருக்கிறது. பாடுங்கள்."