கோதண்டம் தூக்கிய முன் சக்கரம்

“மாஸ்டர், இன்னிக்காவது முன் சக்கரத்தைத் தூக்கலாமா?” என்று கேட்டார் கோதண்டம்.

“பிரேக்கை மிதிங்கண்ணே,” என்றாள் ஜெசிந்தா.

கோதண்டத்துக்கு நாற்பத்து நாலு வயது. சினிமாவில் டூப் போடுகிறவர். ஹீரோக்களுக்காக இருபது வருடமாக மாடியிலிருந்து விழுந்தவர், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தவர். பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்ட மட்டும் வராது.

சனிக்கிழமை ஷூட்டிங்கில் அதைத்தான் கேட்டிருந்தார்கள். வராவிட்டால் வேறு ஆள்.

அதனால்தான் ஒரகடம் தாண்டி, மனை பிரித்து ரோடும் போட்டு, ஒருத்தரும் வீடு கட்டாத இந்தப் பொட்டலுக்கு வந்துகொண்டிருந்தார். ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு வயதுதான். ஆனால் ஒற்றைச் சக்கரத்திலேயே மைதானத்தைச் சுற்றி வருகிறவள்.

எட்டு நாளாக ஒரே பாடம். வண்டியை ஸ்டாண்டில் போட்டுக் கியரையும் போட்டுவிடுவாள். பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். கொய்யாக்காயைக் கடித்தபடி “ம்” என்பாள். அவர் வலது காலால் பிரேக்கை மிதிக்க வேண்டும். சக்கரம் தணிய வேண்டும், இன்ஜின் அணையக் கூடாது.

“தூக்கக் கத்துக்க வந்தவனுக்கு பிரேக் எதுக்கு மாஸ்டர்? கீழ விழப் பயப்படுற ஆளா நான்?”

“இல்ல. அதான் பிரச்சினை. தூக்குன சக்கரத்தைக் கீழ இறக்குறதே அந்தப் பிரேக்குதாண்ணே.”

கோதண்டத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரே ஒரு தடவை விடுங்க.”

அவள் ஸ்டாண்டை எடுத்துவிட்டாள். “தூக்குங்க.”

முறுக்கினார். முன் சக்கரம் எழும்பியது. இன்னும் எழும்பியது. கோதண்டம் பின்பக்கமாகக் குதித்து, இரண்டு உருளல் உருண்டு, இரு கையையும் விரித்து எழுந்து நின்றார்.

“உருண்டது ரொம்ப அழகு,” என்றாள் ஜெசிந்தா. “வண்டி எங்கண்ணே?”

வண்டி கருவேலம் புதரில் கிடந்தது.

நாலு தடவை தூக்கினார். நாலு தடவையும் அழகாக உருண்டார். நாலு தடவையும் இருவருமாக வண்டியை முள்ளிலிருந்து இழுத்தார்கள்.

ஐந்தாவது தடவை சக்கரம் எழும்பி, அப்படியே நின்றது.

ஒரு மனைக்கல் போனது. இரண்டு போனது. படுத்திருந்த நாய் எழுந்து வழிவிட்டது. மூச்சு விடவே மறந்து எண்ணிக்கொண்டிருந்தார் கோதண்டம். பதினோராவது கல்லில் முன் சக்கரம் தொப்பென்று தரையில் இறங்கியது. பல்லெல்லாம் ஆடியது. ஆனாலும் அவர் வண்டி மேலேயே இருந்தார்!

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது கண் கலங்கியிருந்தது.

“பாத்தீங்களா மாஸ்டர்? பதினோரு மனை!”

“பாத்தேன்.”

“சனிக்கிழமை போயிடலாம்ல?”

“எப்படிண்ணே கீழ இறக்குனீங்க?”

கோதண்டம் யோசித்தார். தன் வலது காலைப் பார்த்தார். மறுபடி யோசித்தார்.

“அதுவா இறங்கிடுச்சு மாஸ்டர்.”

ஜெசிந்தா சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள். வண்டியின் டேங்கைத் தட்டிக்கொடுத்தாள்.

“அப்ப வண்டி பாஸு. நாளைக்கு நீங்க வாங்க.”