வாளியில் இரண்டு இறால்

முதலில் ஒரு விடுகதை. சாயங்காலம் வாளியில் ஒன்றைப் போட்டேன். காலையில் பார்த்தால் இரண்டு. கையை விட்டு எடுத்துப் பார்த்தால் மறுபடியும் ஒன்றுதான். அது என்ன?

விடை தெரிந்தவர்கள் கொஞ்ச நேரம் சொல்லாமல் வைத்திருங்கள். தேசப்பனுக்கு அது தெரியவில்லை. இத்தனைக்கும் அவர் இருபது வருஷமாக இறால் பிடிப்பவர்.

தேசப்பனின் ஊர் கூனங்கழியின் கரையில் இருக்கிறது. கழி என்றால் கடல் தண்ணீர் உள்ளே வந்து தேங்கி நிற்கும் இடம். கடலில் பிறக்கிற இறால் குஞ்சுகள் கழிக்குள் வந்து வளரும். வளர்ந்த பிறகு கடலுக்குத் திரும்பிப் போய் முட்டையிடும். வளரும்போதே எல்லாவற்றையும் பிடித்துவிட்டால் அடுத்த வருஷம் குஞ்சு வராது. ஒரு வருஷம் அப்படித்தான் ஆனது. நாற்பது வீட்டிலும் வலை காய்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகு ஊர் கூடி ஒரு விதி வைத்தது. கழியில் ஐம்பதாயிரம் இறாலாவது இருந்தால் வெள்ளைக் கொடி, வலை இறங்கலாம். குறைந்தால் சிவப்புக் கொடி, இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கணக்கைக் கேட்டு, எந்தக் கொடி என்று முடிவு செய்து ஏற்றுவது ஒரு குழந்தை. வலை பிடிக்காத கை என்பதால் அப்படி. பெயரைக் குலுக்கி எடுப்பார்கள். வெள்ளை ஏறினால் அந்தக் குழந்தை முதல் படகின் முனையில் உட்கார்ந்து போகலாம். சிவப்பு ஏறினால் மறுமுறை வேறு பெயர்.

இந்த வருஷம் வந்த பெயர் பூங்காவனம். தேசப்பனின் மகள், ஐந்தாம் வகுப்பு. அன்றிலிருந்து வீட்டு வாசற்படியில் படகு முனையில் உட்காருவதுபோல் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தாள்.

சரி, தண்ணீருக்குள் ஓடுகிற இறாலை எப்படி எண்ணுவது? அதைக் கற்றுக்கொடுத்தவர் அல்லி டீச்சர். கழிக்கரை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர், தேசப்பனைவிடப் பத்து வயது இளையவர். என்னையும் மாணவனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தேசப்பன்தான் போய் நின்றார்.

டீச்சரின் வழி இதுதான். கொஞ்சம் இறாலைப் பிடித்து, அடையாளம் வைத்து, திரும்பக் கழியில் விட வேண்டும். அவை மற்ற இறாலோடு நன்றாகக் கலக்கட்டும் என்று பத்து நாள் விட வேண்டும். பிறகு மறுபடி வலை வீச வேண்டும். வலையில் வந்ததில் நூற்றுக்கு ஒன்றில் அடையாளம் இருந்தால், கழி முழுவதிலும் நூற்றுக்கு ஒன்றில்தான் இருக்கும். அடையாளம் வைத்தது எத்தனை என்று நமக்குத் தெரியும். அதன் நூறு மடங்குதான் மொத்த இறால்.

டீச்சர் இறாலின் வால் விசிறியில் ஒரு நுனியைச் சின்னக் கத்தரியால் வெட்டி அடையாளம் வைப்பார். இந்த முறை அவர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். தேசப்பன் முதல்முறையாகத் தனியாகக் கணக்கு எடுத்தார். வால் நுனி கண்ணுக்குச் சட்டென்று தெரிவதில்லையே என்று யோசித்து, வளையல் கடைக்குப் போய்ச் சிவப்பு நகப்பாலிஷ் நாலு புட்டி கேட்டார்.

யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். இறாலுக்கு என்றார் தேசப்பன்.

அவர் வீடு வந்து சேருவதற்குள் செய்தி கழிக்கரைக்கு வந்துவிட்டது.

"தேசப்பா, பொண்ணு அலங்காரம் ஆயிடுச்சா? மாப்பிள்ளை எந்தக் கழி?" என்றார்கள் கரையில் இருந்தவர்கள்.

அவரும் சேர்ந்து சிரித்தார். அப்பாவும் மகளுமாக உட்கார்ந்து நானூறு இறாலின் முதுகில் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு வைத்தார்கள். காயும்வரை ஈரத்துணியில் பிடித்திருந்து, கழியின் நாலு பக்கமும் கொண்டுபோய் விட்டார்கள்.

பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, வலை வீசினார்கள். அறுநூறு இறால் வந்தது. பொட்டு வைத்தது நாலு.

நூற்றைம்பதில் ஒன்று. நானூற்றின் நூற்றைம்பது மடங்கு அறுபதாயிரம்.

ஊர்த் தலைவர் ஒலிபெருக்கியில் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் கரையில் ஓட ஆரம்பித்தார்கள். நாலு பேர் தேசப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பரணில் இருந்த வலைகள் இறங்கின. படகு முகப்பில் வரைந்திருக்கும் கண்களுக்குப் புது வண்ணம் தீட்டினார்கள். கொடி வியாழன் விடியற்காலை என்று முடிவானது. முதல் படகின் முனையில் பூங்காவனத்துக்காக ஒரு கோரைப்பாய் விரித்தாகிவிட்டது.

சாயங்காலம் அல்லி டீச்சர் ஊர் திரும்பினார். பேருந்து நிற்குமுன்பே தேசப்பன் பக்கத்தில் போய்விட்டார். பாலிஷிலிருந்து தோள் ஊர்வலம்வரை ஒரே மூச்சில் சொன்னார்.

"கணக்கு சரிதானே டீச்சர்?"

"பொட்டு வச்ச நாலும் எங்க அண்ணே?"

ஆய்வுக்கூடத் தொட்டியில் இருந்தன. டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்து, வாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றைத் திரும்ப விட்டார். ஒன்றை மட்டும் கழித் தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு அவரிடம் கொடுத்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோங்க. வலைத்துணி போட்டு மூடுங்க, குதிச்சிடும். காலையில பார்த்துட்டு வாங்க."

புதன்கிழமை காலை முதலில் பார்த்தது பூங்காவனம்.

"அப்பா, இங்க வாயேன். ரெண்டு இருக்கு."

இரண்டு இருந்தன. பொட்டு வைத்தது அசையாமல் கிடந்தது. பொட்டு இல்லாதது வாளி ஓரமாக ஒதுங்கியிருந்தது. தேசப்பன் கையை விட்டுப் பொட்டு வைத்ததை எடுத்தார். கனமே இல்லை. தலை, கால், மீசை எல்லாம் இருந்தது, உள்ளே இறால் இல்லை.

விடுகதைக்கு விடை அதுதான். இறால் பெரிதாவதற்காகத் தன் மேலோட்டைச் சட்டையைப்போல் கழற்றிவிடும். அடியில் புதுச் சட்டை இருக்கும்; டீச்சர் வாலை வெளிச்சத்தில் பிடித்துத் தேடியது அதைத்தான். பொட்டு பழைய சட்டையோடு போய்விட்டது.

தேசப்பன் தரையில் உட்கார்ந்தார்.

"இது எனக்குத் தெரியும் பாப்பா," என்றார். "பொறந்ததுலேர்ந்து தெரியும்."

வாளியைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு இருவரும் டீச்சரிடம் போனார்கள். டீச்சர் வாளியைப் பார்க்கவில்லை. பூங்காவனத்தைத்தான் கேட்டார்.

"பொட்டோட இப்ப எத்தனை இருக்கு?"

"மூணு."

"கணக்குப் போடு."

பூங்காவனம் குந்தி உட்கார்ந்து மணலில் போட்டாள். அறுநூற்றில் மூன்று. இருநூற்றில் ஒன்று. நானூற்றின் இருநூறு மடங்கு.

"எண்பதாயிரம்," என்று எழுந்து குதித்தாள். "அப்பா, ஒரே ராத்திரியில இருபதாயிரம் கூடிடுச்சு."

குதித்தவள் நின்றாள். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரே ஓர் இறால்தான் இருந்தது.

தேசப்பன் அவள் எழுதியதற்குக் கீழே விரலால் எழுதினார். வலையில் வந்த அறுநூற்றில், முன்பே பொட்டைக் கழற்றிவிட்டது ஒன்றே ஒன்று இருந்திருந்தால்? நாலு இல்லை, ஐந்து. நூற்றிருபதில் ஒன்று. நாற்பத்தெட்டாயிரம்.

ஐம்பதாயிரத்துக்குக் கீழே.

அந்தத் தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணுதானே டீச்சர். கழட்டியிருக்கலாம். கழட்டாமலும் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

"இறாலுக்குத் தெரியும்," என்றார் டீச்சர்.

பூங்காவனத்துக்கு வேறொரு சந்தேகம் வந்தது.

"நாலுமே கழட்டியிருந்தா?"

"அப்ப கழி பூரா இறால்தான் பாப்பா. எண்ணி மாளாது. கண்ணை மூடிக்கிட்டு வெள்ளைக் கொடி," என்றார் டீச்சர், சிரிக்காமல்.

டீச்சர் உள்ளே போய்ச் சின்னக் கத்தரியை எடுத்து வந்து தேசப்பன் கையில் வைத்தார். சட்டை மாறினாலும் வெட்டிய வால் நுனி உடனே வளர்ந்துவிடாது.

தேசப்பன் நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனார். பூங்காவனமும் கூடவே போனாள். வாசலில் பத்துப் பதினைந்து பேர் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் இறாலின் வெற்றுச் சட்டையை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, தன் கணக்கில் பிழை இருக்கிறது, எவ்வளவு பிழை என்றும் தனக்குத் தெரியாது, வாலை வெட்டி மறுபடி எண்ணப் பத்து நாள் வேண்டும் என்றார்.

கோத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஓர் இறாலுக்காக நாற்பது வலையை மடிப்பதா என்று ஒருவர் கேட்டார். நேற்று தூக்கிய தோள் இன்று வலிக்கிறது என்றார் இன்னொருவர். தலைவர் அந்தச் சட்டையை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கொடிப்பிள்ளை கணக்கையும் பிழையையும் கேட்டுவிட்டது, இனி விடியும்வரை கொடியைப் பற்றி அதனிடம் யார் பேசினாலும் அவர் வலைக்கு இந்த வருஷம் முறை கிடையாது என்றார். அதுவும் பழைய விதிதான். அப்பாவுக்கும் அது பொருந்தும்.

அதனால் யாரும் பேசவில்லை. ஆனால் அன்று பகல் முழுவதும் பூங்காவனம் போகிற வழியெல்லாம் மாமன்களும் சித்தப்பாக்களும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எதிரே வந்து சிரித்தார்கள். ஒருவர் தன் ஆட்டுக்கே வெள்ளைத் துண்டு கட்டியிருந்தார். இரண்டு தோழிகள் வந்து, படகு முனையில் எப்படி உட்காரப் போகிறாய் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். தேசப்பன் மகளுக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தார்.

வியாழன் விடிந்தது. நாற்பது படகும் வரிசையாக நின்றன. முதல் படகின் முனையில் கோரைப்பாய் இருந்தது. மேளக்காரர்கள் கோலை ஓங்கிக்கொண்டு தயாராக இருந்தார்கள். தேசப்பன் கூட்டத்தின் கடைசியில் நின்றார், டீச்சர் அவர் பக்கத்தில் நின்றார்.

பூங்காவனம் மேடையில் ஏறினாள். கோரைப்பாயை ஒருமுறை பார்த்தாள். இரண்டு கொடிகளையும் பிரித்தாள்.

சிவப்பை ஏற்றினாள்.