எருக்கிலை கேட்ட புழு

ஒரு காட்டில், கொய்யாமரப் பொந்து ஒன்றில் பிள்ளையில்லாத ஓர் அணில் வாழ்ந்துவந்தது. யாரைக் கண்டாலும் பாசத்தைக் கொட்டும். "வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் அதன் காதில் ஏறவே ஏறாது!

ஒருநாள் எருக்கஞ்செடியில் ஒரு குட்டிப் புழு இலையைக் கடித்துக்கொண்டிருப்பதை அணில் பார்த்தது.

"அடப் பாவமே! ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு ஓடுகிற இலையையா தின்கிறாய்? அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடுமே! உன்னைப் பெற்றவள் இப்படியா விட்டுவிட்டுப் போவாள்? வா கண்ணு, இனி நான் வளர்க்கிறேன்" என்று புழுவைத் தூக்கிக்கொண்டு பொந்துக்கு வந்தது.

"அத்தை, எனக்கு..." என்று வாயெடுத்தது புழு.

"சும்மா இரு, உனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லி, கனிந்த கொய்யாப்பழத்தை அதன் முன்னே வைத்தது அணில்.

புழு வாய் வைக்கவில்லை. அணில் மாம்பழம் கொண்டுவந்தது. அதையும் தொடவில்லை. 'இன்னும் இனிப்பாக வேண்டுமோ?' என்று மரம் மரமாக ஏறி இறங்கிப் பலாச்சுளை கொண்டுவந்தது. புழுவோ வாடி வதங்கி, அசையக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

அணில் அதை வாரி அணைத்துக்கொண்டது. "என் தங்கமே, என்னை விட்டுப் போய்விடாதே! உனக்கு என்னதான் வேண்டும்? வாயைத் திறந்து சொல்லேன்!" என்று அழுதது.

"எருக்கிலை, அத்தை" என்றது புழு, ஈனக் குரலில்.

"இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?"

"சொல்ல வந்தேனே. நீதான் சும்மா இருக்கச் சொன்னாய்."

அணிலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரே ஓட்டமாக ஓடி, முகத்தைச் சுளித்துக்கொண்டே எருக்கிலையைக் கவ்விவந்து போட்டது. புழு நறுக் நறுக்கென்று தின்றது. தினமும் அணில் கொண்டுவந்து கொடுக்க, தின்று கொழுத்துக் கூடாகத் தொங்கியது. ஒரு காலையில் செம்மஞ்சள் சிறகோடு வண்ணத்துப்பூச்சியாக வெளியே வந்தது. அணில் பூரித்துப்போனது.

பறந்ததுதான் தாமதம், ஒரு கரிச்சான் குருவி பாய்ந்து வந்து அதை லபக்கென்று கவ்வியது.

"ஐயோ, என் பிள்ளை!" என்று அலறியது அணில்.

"தூ! தூ! எருக்கம்பாலைக் குடித்ததுபோல என்ன கசப்பு!" என்று துப்பிவிட்டுப் பறந்தோடியது கரிச்சான்.

வண்ணத்துப்பூச்சி சிறகை உதறிக்கொண்டு வந்து அணிலின் முதுகில் உட்கார்ந்தது. "எல்லாம் நீ கொடுத்த இலைதான், அத்தை. இன்னும் ஏன் முகத்தைச் சுளிக்கிறாய்?"

"தினமும் அந்த இலையைக் கவ்விக் கவ்வி வாயெல்லாம் இன்னும் கசக்கிறது, கண்ணு" என்று அழுதுகொண்டே சிரித்தது அணில்.

நீதி: நமக்குக் கசப்பது இன்னொருவருக்கு உயிர் காக்கும்; பாசத்தோடு ஊட்டும் முன் காதுகொடுத்துக் கேள்.