வெள்ளிக்கிழமை மூன்று மணி

கோமதிநாயகத்துக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவுமா பின்னே? சிங்கப்பூர் கிளையில், ஆசியா முழுமைக்கும் தலைமைப் பதவி! இரண்டு முறை கைநழுவிப் போனது. இந்த முறை யார் என்று மேலாளர் ரெஜினா சாயங்காலத்துக்குள் பெயர் அனுப்பியாக வேண்டும்.

ரெஜினா அவரைவிட ஏழு வயது இளையவர். ஆனாலும் மனசில் ஒன்று உறுத்தினால் நாயகம் போய் நிற்பது அவரிடம்தான். "குருவைப் பார்க்கச் சீடர் கிளம்பிட்டாரு" என்று சிறுசேரி ஆபீஸே கேலி பண்ணும்.

"மேடம், போன ரெண்டு தடவையும் என்கிட்ட என்ன குறை கண்டீங்க? எட்டு வருஷத்துல நான் இல்லாம ஒரு வெள்ளிக்கிழமை ஓடியிருக்கா?"

ஓடியதில்லைதான். ஊருலகமெல்லாம் விமான டிக்கெட் விற்கும் மென்பொருள் அது. வாராவாரம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் புது மாற்றங்களை அதில் ஏற்ற வேண்டும். மொத்தம் நாற்பது படி, அத்தனையும் மனுஷன் தலைக்குள்ளே. சொந்தப் பிள்ளை காதுகுத்தில்கூட லேப்டாப்பும் மடியுமாக உட்கார்ந்தவர் அவர். பக்கத்து இருக்கை ஷப்னம் நோட்டோடு எட்டிப் பார்த்தால், "உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி?" என்று மழுப்பிவிடுவார். அவளா விடுகிறவள்? பார்த்துப் பார்த்தே எழுதிக்கொண்டாள்.

ரெஜினா கடிகாரத்தைப் பார்த்தார். கையை நீட்டினார்.

"போனைக் கொடுங்க சார்."

"மேடம்! மணி ரெண்டே முக்கால்!"

"தெரியும். வாங்க, டீ சாப்பிடலாம்."

கேன்டீனில் நாயகத்தின் டீ ஆறிப்போனது. மூன்று அடித்தது. மூன்றே கால் ஆனது. "குடி முழுகிப் போச்சு மேடம்!" என்று எழுந்தார். "உட்காருங்க சார்" என்றார் ரெஜினா, மசால் வடையைப் பிட்டபடி. நாலு மணி ஆன பிறகுதான் விட்டார்.

லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஐந்து மாடியும் படியேறி ஓடினார் நாயகம். மேலே ஒரே கைதட்டல். நடுவில் ஷப்னம், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஏத்திட்டேன் சார்! இருபத்தேழாவது படியில மாட்டிக்கிச்சு. உயிரே போயிடுச்சு! அப்புறம் நானே சரி பண்ணிட்டேன்!"

"எனக்கு... போன் பண்ணிப் பார்த்தியா?"

"இல்லையே சார். தோணவே இல்லை."

நாயகத்தின் முகம் சுண்டிப்போனது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. பின்னாலேயே வந்து நின்ற ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ நான் இங்க வேண்டாமா மேடம்?"

"வேண்டாம் சார்" என்றார் ரெஜினா, போனை அவர் கையில் வைத்து. "இனி தைரியமா உங்களை சிங்கப்பூருக்கு அனுப்பலாம்."