விரதம் என்று நினைத்தார்கள்

ஆற்றோர மடம் ஒன்றில் மங்கையர்க்கரசி அம்மா குருவாக இருந்தார். சீடர்களில் பொன்னுரங்கம் அவரைவிட வயதில் மூத்தவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வெள்ளிக்கிழமைப் பாட்டில் அவர்தான் முன்னடி எடுப்பார். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள்.

பெருங்குடலில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியவர், வாசலோரம் உட்கார ஆரம்பித்தார். பாடுவதில்லை. வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பந்திக்கு இலை போடும்போது எழுந்து போய்விடுவார். கடும் விரதம் என்று எல்லோரும் வியந்தார்கள். இரண்டு சீடர்கள் தாங்களும் பட்டினி கிடந்து பார்த்தார்கள். மறுவாரமே இட்லிக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஒருநாள் அவர் வாசலிலேயே மயங்கிச் சாய்ந்தார். அம்மா கஞ்சி கொடுத்து, எந்தச் சாமிக்கு விரதம் என்று கேட்டார்.

"சாமிக்கு இல்லம்மா. குடலை வெட்டி ஒட்டினதுலேருந்து அடக்க முடியல. தன்னால கசிஞ்சிடுது. வயிறு காலியா இருந்தா ஒரு பாட்டாவது உக்காந்து கேக்கலாம்னுதான்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"உசிரைக் காப்பாத்தினவர்கிட்ட இதைப் போய் எப்படிம்மா சொல்றது?"

அம்மா மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இது பலருக்கும் வருவதுதான், முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார் டாக்டர். பட்டினி கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கவனிக்க வேண்டும் என்றார். மலம் இறுக மாத்திரை எழுதினார். ஆசனவாய்த் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். குறைய மாதக்கணக்கில் ஆகும், முழுதாக நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

பொன்னுரங்கம் பயிற்சியை விடவில்லை. கசிவு குறைந்தது, நிற்கவில்லை. வீட்டில் மெதுவாகப் பாடிப் பார்ப்பார். குரல் மேலே ஏறினால் அடிவயிறு இறுகிக் கசிந்துவிடும். சபையில் இன்னும் ஒரே ஒருமுறை முன்னடி எடுத்துவிட மாட்டோமா என்ற ஏக்கத்தில் அழுகை வரும்.

"இது முழுசா நின்னப்புறம்தானேம்மா நான் பாட முடியும்? எப்ப நிக்கும்?" என்று ஒருநாள் கேட்டார்.

அம்மா அவரை வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்.

அவர் அணையாடை கட்டிக்கொண்டு, மாற்று வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அம்மா தாளத்தை அவர் கையில் கொடுத்தார். அவர் முன்னடி எடுத்துப் பாடினார். பாட்டு உச்சிக்குப் போனபோது கசிந்தது. தாளத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு விரைந்தார்.

கழுவிக்கொண்டு வேட்டியை மாற்றினார். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வரவில்லை. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள் என்று எண்ணினார். அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றால், வாசலுக்குப் போகச் சபையைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

தலையைக் குனிந்தபடி வந்தார். ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை. எல்லோரும் அவர் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்காக ஏம்மா பாட்டை நிறுத்தினீங்க?"

"நாங்க எங்கய்யா நிறுத்தினோம்? அடுத்த அடி நீங்கதானே எடுக்கணும்."