குழந்தைவேலு தலைகுனிந்து பெண் பார்த்த கதை

கொத்தவரங்குளத்துக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்ன சொல்லைக் கேட்பார்கள். அவர்களிடம் உள்ள கோளாறும் அதுதான். சொன்னதைச் சொன்னபடியே கேட்பார்கள்.

அந்த ஊரில் ஒரு கிரிக்கெட் ரசிகர் மன்றம் இருந்தது. மாவு மில் சடையப்பன் தலைவர். தையல் கடை மொக்கராசு செயலாளர். பேச்சிமுத்து பொருளாளர். அவர் தலையில் ஒரு முடி கிடையாது; மன்றத்தில் பொருளும் கிடையாது; ஆகவே பதவி பொருத்தமாகத்தான் இருந்தது. மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் குழந்தைவேலு. பஞ்சர் கடை வைத்திருந்தார்.

குழந்தைவேலுவுக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. போய்ப் பார்த்த வீடுகளில் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். அவரும் சொல்லி அனுப்புவார்கள் என்று காத்திருந்தார். ஒரு வீட்டுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்து, அந்தப் பெண்ணின் குழந்தைக்குக் காது குத்து என்று அழைப்பு வந்தபோதுதான் அவருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது, அது என்னவென்று தனக்கு மட்டும் தெரியவில்லை என்று டியூபைத் தண்ணீரில் முக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். டியூபில் ஓட்டை இருந்தால் குமிழி வந்து காட்டிக்கொடுக்கும். மனுஷனுக்கு அந்த வசதி இல்லை.

உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று நான்கு பேரும் மாவு மில்லில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலையில் குழந்தைவேலு மேலப்புளியூரில் பெண் பார்க்கப் போக வேண்டும். இன்று கோப்பை, நாளை பெண் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தார்.

கடைசிப் பந்தில் இந்தியா தோற்றது.

டிவியில் வர்ணனை சொன்னவரின் குரல் தழுதழுத்தது. "மயிரிழையில் கோப்பை நழுவிவிட்டது. கோடிக்கணக்கான ரசிகர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். அடுத்த கோப்பையை வெல்லும் வரை இந்தத் தலை நிமிராது."

சடையப்பன் டிவியை அணைத்தார். "கேட்டியளாடே? எல்லாரும் நிக்காங்களாம். நாம மட்டும் உக்காந்திருக்கோம்."

நான்கு பேரும் எழுந்து நின்று தலையைக் குனிந்தார்கள்.

"எம்புட்டு குனியணும் அண்ணாச்சி?" என்றார் பேச்சிமுத்து.

மொக்கராசு கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்தார். "மயிரிழையில தோத்தோம்னு சொன்னாருல்லா. மயிரிழை அளவு குனிஞ்சா போதும்."

"யாரு மயிரு? எனக்கு ஒண்ணும் இல்லையே. நான் குனியவே வேண்டாமா?"

"உமக்கு நான் கடன் தாரேன்வே. இப்ப விஷயம் அது இல்லை. முடியோட கனத்தை எடுக்கணுமா, நீளத்தை எடுக்கணுமா?"

"கனத்தை எடுத்தா குனிஞ்சதே வெளிய தெரியாது," என்றார் சடையப்பன். "நீளத்தை எடுத்தா, எங்க வீட்டுக்காரிக்கு இடுப்பு வரைக்கும் முடி. அம்புட்டு குனிஞ்சா மண்டை தரையில போய் முட்டும்."

கடைசியில் தாடை நெஞ்சைத் தொட்டால் போதும் என்று தீர்மானம் ஆனது. படுக்கும்போது நிற்கவில்லை என்பதால் விதி கிடையாது என்றும் தலைவர் சலுகை கொடுத்தார்.

குழந்தைவேலு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அண்ணாச்சி, நாளைக்கு எனக்குப் பொண்ணு பாக்கணுமே."

"பாரு. யாரு வேண்டாம்னா?"

"தலையைக் குனிஞ்சுக்கிட்டு எப்படிப் பாக்க?"

"பொண்ணுக்கும் கால் இருக்கும்லாடே. அங்கேருந்து ஆரம்பி."

மறுநாள் நான்கு பேரும் குனிந்த தலையோடு பஸ் ஏறினார்கள். நிற்கத்தான் வேண்டும் என்பதால் காலியாகக் கிடந்த சீட்டுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கண்டக்டர் வந்து பார்த்தார். "என்னண்ணே தேடுதிய? எதுவும் தவறிப் போச்சா?"

"கோப்பை போயிட்டு," என்றார் பேச்சிமுத்து.

கண்டக்டர் நல்ல மனுஷர். அவரும் குனிந்து சீட்டுக்கடியில் எல்லாம் பார்த்தார். "எவர்சில்வரா, பித்தளையா?"

"தங்கம்னு சொல்லிக்கிடுதாங்க."

மேலப்புளியூர் வரும்வரை பஸ்ஸில் இருந்த எல்லோரும் குனிந்து தேடிக்கொண்டே வந்தார்கள்.

பெண்ணின் அப்பா ஆறுமுகநயினார் கருப்பட்டி வியாபாரி. வாசலில் நான்கு ஆண்கள் வரிசையாகத் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் இவ்வளவு அடக்கத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"உக்காருங்க, உக்காருங்க."

"இல்லைய்யா, நிக்கத்தான் சொல்லியிருக்கு," என்றார் சடையப்பன்.

"யாரு சொன்னா?"

"டிவியில."

"எங்க வீட்டு டிவி பழசு," என்றார் ஆறுமுகநயினார் வருத்தத்தோடு. "பாட்டுதான் படிக்கும். இந்த மாதிரி மரியாதை எல்லாம் சொல்லித் தராது."

கேசரியும் காபியும் வந்தன. குனிந்த தலையோடு காபி குடிப்பது லேசான காரியம் இல்லை. மொக்கராசுவுக்கு மூக்கில் ஏறியது. பேச்சிமுத்து தம்ளரை நெஞ்சில் சாய்த்ததில் சட்டை குடித்தது.

பிறகு பெண் வந்தாள். பகவதி என்று பெயர். முறைப்படி அவளும் தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தாள். குழந்தைவேலுவுக்கு இரண்டு பாதங்கள் தெரிந்தன. மருதாணி வைத்திருந்தாள். இடது சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சண்டை போட்டதுபோலக் கொஞ்சம் விலகி நின்றது. அந்த விரலை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் முகம் தெரியாமல் எப்படிச் சரி சொல்வது? முகத்தைப் பார்த்துச் சரி சொன்ன வீடுகளிலிருந்து எதுவும் சொல்லி அனுப்பவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஒரு முறை பார்க்க ஆசையாக இருந்தது. இந்த ஒரு முகத்தைப் பார்க்காமல் போய்விடக் கூடாது என்று தோன்றியது.

சடையப்பன் அவர் காதில் சொன்னார். "நீ நிமிரத்தான் கூடாது. மேல ஏறலாம்லா? நீ மேல போயிட்டா பொண்ணு தன்னால கீழ வந்துரும்."

அடுத்த நிமிஷம் குழந்தைவேலு ஏணி வைத்துப் பரணில் ஏறினார்.

"மாப்பிள்ளை எதுக்குப் பரண்ல ஏறுதாரு?" என்றார் ஆறுமுகநயினார்.

"பொண்ணை நல்லாப் பாக்கணும்லா," என்றார் சடையப்பன்.

கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவில் மண்டிபோட்டுக் குழந்தைவேலு கீழே பார்த்தார். பெண்ணின் தலை தெரிந்தது. வகிடு, நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"கொஞ்சம் நிமிந்து பாக்கச் சொல்லுங்க," என்று பரணிலிருந்து குரல் வந்தது.

பகவதி அசையவில்லை. "நேத்து நானும் மேட்ச் பாத்தேன்," என்றாள்.

பரணிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. குழந்தைவேலு இறங்கி வந்து, ஆறுமுகநயினாரின் கால்களைப் பார்த்துச் சொன்னார்.

"பிடிச்சிருக்கு மாமா."

"இன்னும் முகத்தைப் பாக்கலியே மாப்பிள்ளை."

"பாதம் பாத்தாச்சு. வகிடும் பாத்தாச்சு. ரெண்டும் நல்லா இருந்தா முகம் மட்டும் எங்க போயிரப் போகுது?"

பெண்ணிடம் கேட்டார்கள். "நாலு ஜோடிக் கால் வந்துச்சு. ஒரு ஜோடியில மட்டும் கிரீஸ் இருந்துச்சு. அது உழைக்கிற கால். எனக்குச் சம்மதம்," என்றாள்.

சொல்லி அனுப்பாமல், நேரிலேயே சொல்லிவிட்டார்கள். குழந்தைவேலுவின் வாழ்க்கையில் அது முதல் தடவை.

தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தார்கள். அதற்குமுன் ஊருக்குள் சில சேதாரங்கள் நடந்தன. தலைகுனிந்து நடந்ததில் சடையப்பன் மின்கம்பத்தில் மோதி அதனிடம் மன்னிப்புக் கேட்டார். மொக்கராசு வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்க்காமலே அளவெடுத்து, தபால்காரருக்கு ஜாக்கெட் தைத்துவிட்டார். குழந்தைவேலுவுக்கு மட்டும் தொழிலில் நஷ்டம் இல்லை. பஞ்சர் ஒட்டுகிறவன் எப்படியும் குனிந்துதான் இருக்க வேண்டும். அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே கவலை. கல்யாணத்துக்கு முந்தின நாள் இன்னொரு கோப்பையின் இறுதி ஆட்டம் வந்தது. அதில் ஜெயித்தால் தாலி கட்டும்போது பகவதியின் முகத்தைப் பார்க்கலாம். தோற்றால் அவரும் அவளும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டே குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

கல்யாண மண்டபத்திலேயே டிவி வைத்தார்கள். இந்தியா ஜெயித்தது.

நான்கு தலைகளும் கதவு திறக்கிற சத்தத்தோடு நிமிர்ந்தன. சடையப்பன் மண்டபத்தின் கூரையைப் பார்த்து, "ஃபேன் இருக்குடே," என்று அதிசயப்பட்டார். குழந்தைவேலு பெண் இருந்த அறையைப் பார்த்து ஓடினார். கதவில் கையும் வைத்துவிட்டார்.

அப்போது டிவியில் சொன்னார்கள். "கோடிக்கணக்கான ரசிகர்கள் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நாளை முழுவதும் இந்த ஆட்டம் ஓயாது."

"நில்லுடே," என்றார் சடையப்பன்.

குழந்தைவேலு கதவிலிருந்து கையை எடுத்தார்.

"தலைகால் புரியக் கூடாதாம்."

"எனக்குப் புரியுதே அண்ணாச்சி. இது தலை. இது கால்."

"புரியாம இருக்க முயற்சி பண்ணுடே."

குழந்தைவேலு கண்ணை மூடி முயற்சி செய்தார். திறந்து பார்த்தால் தலை தலையாகவே இருந்தது. மொக்கராசுதான் வழி கண்டுபிடித்தார். தலை இருக்கிற இடத்தில் காலையும், கால் இருக்கிற இடத்தில் தலையையும் வைத்துவிட்டால் எது எதுவென்று யாருக்குப் புரியும்? நான்கு பேரும் சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நின்றார்கள். ரத்தம் மண்டைக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"சரியா வருது," என்றார் சடையப்பன்.

உள்ளேயிருந்து பகவதி கேட்டு அனுப்பினாள்: "நானும் டிவி கேட்டேன். நானும் தலைகீழா நிக்கணுமா?"

இதுபற்றித் தலைகீழாகவே ஆலோசனை நடந்தது. "கூடாது," என்று சடையப்பன் தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேரும் தலைகீழா நின்னா ஒருத்தருக்கு ஒருத்தர் நேராயிருவாங்க. அப்புறம் தலைகால் புரிஞ்சுரும்."

முகூர்த்த நேரத்தில் பெண்ணின் அண்ணன்மார் இரண்டு பேர் குழந்தைவேலுவின் கணுக்கால்களைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். வேட்டி சரியாமல் இருக்க மொக்கராசு அதை இரண்டு கால்களையும் சுற்றிக் கீழ்ப்பக்கம் தைத்திருந்தார். மாலை கழுத்தில் நிற்காததால் முழங்காலில் கட்டினார்கள். மன்றத்தின் மற்ற மூன்று பேரும் சுவரோரம் தலைகீழாக நின்று ஆசீர்வாதம் செய்தார்கள். அட்சதை அவர்கள் மூக்கிலேயே விழுந்தது.

மணையில் உட்கார்ந்திருந்த பகவதி தலையை நிமிர்த்தினாள். தாலியைப் பிடித்துக்கொண்டு தொங்கிய குழந்தைவேலு முதல் முதலாக அவள் முகத்தைப் பார்த்தார்.

கீழே நெற்றி இருந்தது. அதற்கு மேலே கண்கள், மூக்கு, எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் உதடு, பிடிக்காததைப் பார்த்தவள்போல ஓரம் கீழே வளைந்து பிதுங்கியிருந்தது. குழந்தைவேலுவின் மனசு, அந்த நிலையில் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. தனக்கு மட்டும் தெரியாத அந்தக் குறையை இவளும் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தார்.

"என்னைப் பிடிக்கலியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏன்?"

"மூஞ்சியை இப்படி வச்சிருக்கியே."

"சிரிக்கேன்," என்றாள் பகவதி.

சொன்ன சொல்லைக் கேட்கிறவர் குழந்தைவேலு. உதடு இப்படிப் பிதுங்கினால் பகவதி சிரிக்கிறாள் என்று மனசில் குறித்துக்கொண்டு, முடிச்சைப் போட்டார்.

இப்போதும் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். பகவதி கோபித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினால், குழந்தைவேலு மனம் குளிர்ந்து கடைக்குப் போவார். அவள் சிரித்துவிட்டால்தான் பதறிப்போவார். கையிலிருக்கும் பம்பைக் கீழே போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நின்று ஒரு முறை பார்ப்பார். உதடு பிதுங்கியிருக்கும். அப்பாடா என்று இறங்கிவிடுவார்.