சும்மாவைத் திருடிய மாயாவி

மலைகளுக்கும் ஆறுகளுக்கும் மனிதர்கள் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. அந்தக் காலத்தில் வெண்ணாவல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. ராஜா இருந்தார், ராணி இருந்தாள், பட்டத்து யானை இருந்தது. அவர்களை விடுங்கள். இந்தக் கதையில் அவர்களுக்கு வேலையே இல்லை. நமக்கு வேண்டியவள் ஊர்க்கோடியில் ஆப்பம் சுட்டு விற்ற செங்கமலம்.

செங்கமலத்தின் புருஷன் மாடப்பன் விறகு வெட்டுவான். அவன் வெட்டிய விறகில் அவள் ஆப்பம் சுடுவாள். இரண்டு பேருக்கும் வெகுநாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்ட இன்னும் நல்ல நாள் பார்க்கவில்லை, அதனால் சிட்டு, சிட்டு என்றே கூப்பிட்டார்கள்.

அந்த ஊர் ஜனங்களிடம் ஒரு வார்த்தை இருந்தது. உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. காலையிலிருந்து எத்தனை தடவை அதைச் சொல்லியிருப்போம் என்று நமக்கே தெரியாது.

"என்ன இந்தப் பக்கம்?" என்றால், "சும்மாதான் வந்தேன்" என்பார்கள்.

"இந்த முருங்கைக்காய் என்ன விலை?" என்றால், "அட, சும்மா எடுத்துட்டுப் போக்கா" என்பார்கள்.

"ஏன்டி சிரிக்கிறே?" என்றால், "சும்மா!"

அவ்வளவுதான். கேட்டவளுக்கும் புரிந்துவிடும், சொன்னவளுக்கும் நிம்மதி.

ஒரு சந்தை நாளில், மலை உச்சியில் குடியிருந்த மாயாவி கொடுங்கையன் ஊருக்குள் இறங்கி வந்தான். தாடி முழங்கால் வரை தொங்கியது. ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. சந்தை நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு ஜனங்கள் பேசுவதைக் கேட்டான், கேட்டான், கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் கறுத்தது. திடீரென்று கையை வீசி, ஈயைப் பிடிக்கிற மாதிரி காற்றில் எதையோ லபக்கென்று பிடித்தான். வலது கையை இறுக்கி மூடிக்கொண்டு விறுவிறுவென்று மலையேறிப் போய்விட்டான்.

என்ன பிடித்தான் தெரியுமா? அந்த வார்த்தையைத்தான் பிடித்தான், படுபாவி!

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றபோது செங்கமலம், "வாங்கக்கா, என்ன விசேஷம்?" என்று கேட்டாள். வந்தவள் வாயைத் திறந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. திறந்த வாய் திறந்தபடி நின்றுவிட்டு, அழுகிற முகத்தோடு திரும்பிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஊரில் ஒரே கேள்விதான். எதுக்கு வந்தே? எதுக்குக் கொடுத்தே? எதுக்குச் சிரிச்சே? பதில் சொல்ல முடியாதவர்கள் வருவதை நிறுத்தினார்கள், கொடுப்பதை நிறுத்தினார்கள், சிரிப்பதையும் நிறுத்தினார்கள். விதைத்தவன் விதையைச் சும்மா விடாமல் தினமும் தோண்டித் தோண்டிப் பார்த்தான், விதை செத்தது. உறை ஊற்றிய பாலைச் சும்மா விடாமல் கிண்டிக் கிண்டிப் பார்த்தார்கள், பால் பாழானது. செங்கமலமும்தான் என்ன செய்தாள்? ஆப்ப மாவைக் கலக்கினாள், மறுபடி கலக்கினாள், புளித்ததா புளித்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள். மாவு பொங்கவே இல்லை.

மாடப்பன் கதை இன்னும் மோசம். கோடாலியைக் கீழே வைக்க அவனால் முடியவில்லை. முற்றம் நிறைந்தது, தெரு நிறைந்தது, வெட்டிக்கொண்டே இருந்தான்.

இதெல்லாம் போகட்டும் என்றால், சிட்டு தூங்கவில்லை. தூக்கம் சும்மா இருக்கும்போது வருகிற சமாச்சாரம் இல்லையா? பெரியவர்கள் வேலை செய்து செய்து மயங்கி விழுந்து கொஞ்சம் கண் மூடினார்கள். பச்சைக் குழந்தை என்ன வேலை செய்யும்? கண்ணை அகல விழித்துக்கொண்டே கிடந்தது. செங்கமலம் தொட்டிலை ஆட்டினாள், வேகமாக ஆட்டினாள், இன்னும் வேகமாக ஆட்டினாள். தட்டிக் கொடுத்தாள், தொண்டை கட்டும் வரை தாலாட்டினாள். அவள் பாடுபடப் பாடுபடக் குழந்தையின் கண் இன்னும் அகலமாக விழித்தது. உடம்பு துவண்டது. பால் குடிக்கக்கூட அதற்குத் தெம்பு இல்லை.

வைத்தியர் வந்து பார்த்தார். "தூக்கத்தை நான் அரைச்சுக் கொடுக்க முடியாதும்மா," என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

"எம் பொண்ணு பிழைக்கணும்," என்றாள் செங்கமலம். "அன்னைக்குச் சந்தையில மாயாவி பிடிச்சுட்டுப் போனது அந்த வார்த்தையைத்தான். அவன் மலைக்குப் போறேன்."

"தனியாவா போறே? என் கை நிக்க மாட்டேங்குதே!" என்று மாடப்பன் வெட்டிக்கொண்டே அழுதான்.

அவள் குழந்தையைத் தோளில் தூளி கட்டிப் போட்டுக்கொண்டாள். ஒரு பிடி அரிசியை முடிந்துகொண்டாள். கிளம்பிவிட்டாள்.

ஊர் எல்லையில் ஒரு குட்டை. குட்டைச் சேற்றில் ஓர் எருமை படுத்துக்கிடந்தது. ஊரே பரபரவென்று திரிந்த அந்தக் காலத்தில், ஒரு கவலையும் இல்லாமல் அசைபோட்ட ஒரே ஜீவன் அதுதான். ஏனென்று கேட்கிறீர்களா? எருமைக்கு அந்த வார்த்தை என்றைக்குமே தேவைப்பட்டதில்லை. வார்த்தை போனாலும் அதற்கு நஷ்டமில்லை.

மலைக்கு எருமைமேல் போனால் சீக்கிரம் போகலாம் என்று நினைத்து, செங்கமலம் அதன் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். அசையவில்லை. கால் சறுக்கிச் சேற்றில் உட்கார்ந்ததுதான் மிச்சம்.

"எருமை! எருமை!" என்று திட்டினாள்.

"ஆமா, எருமைதான். அதுக்கென்ன இப்போ?" என்றது எருமை.

செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ பேசுவியா?"

"பேசுவேன். யாரும் நின்னு கேட்டதில்லை. கயித்தை விடு முதல்ல, மூக்கு வலிக்குது."

அவள் கயிற்றை விட்டாள். எருமை மெதுவாக எழுந்து, மெதுவாக உடம்பைச் சிலுப்பி, மெதுவாக நடந்தது. "மாயாவி மலை அடிவாரத்துல நல்ல சேறு இருக்கு. நான் அங்கதான் போறேன். வேணும்னா ஏறிக்கோ."

போனார்கள், போனார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். வழியில் ஓர் ஓடை. கால் வைத்துத் தாண்டக் கற்கள் உண்டு, ஆனால் தண்ணீர் ஒரே கலங்கல். இறங்கினால் ஆளை மூழ்கடிக்கும் ஆழம். செங்கமலம் ஒரு கழியை எடுத்துக் கல் எங்கே, கல் எங்கே என்று துழாவினாள். துழாவத் துழாவத் தண்ணீர் இன்னும் கலங்கியது. எருமை கரையில் படுத்துவிட்டது.

"எம் பிள்ளை இங்க துவண்டு கிடக்கு, நீ படுத்துக்கிட்டியா?" என்று கத்தினாள்.

"நீ கிண்டி முடி. அதுவரைக்கும் படுத்திருக்கேன்."

கோபத்தில் கழியை விட்டெறிந்தாள். கையும் ஓய்ந்துபோயிருந்தது. குழந்தையை அணைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்தால், தண்ணீர் பளிச்சென்று தெளிந்திருந்தது! அடியில் கற்கள் வரிசையாகத் தெரிந்தன. செங்கமலம் எருமையைப் பார்த்தாள். எருமை வேறு பக்கம் பார்த்தது.

அடிவாரத்துச் சேற்றைப் பார்த்தும் எருமை நிற்கவில்லை, மலை உச்சி வரைக்கும் போனார்கள். அங்கே ஒரு குகை, குகைக்கு ஒரு கதவு. அவள் கையால் தள்ளினாள். கதவு ஒரு விரல் தடித்தது. தோளால் தள்ளினாள். இன்னும் ஒரு விரல் தடித்தது. மூச்சைப் பிடித்து முட்டினாள். கதவு சுவராகவே ஆகிவிடும் போலிருந்தது. இந்த முறை அவளுக்குச் சட்டென்று உறைத்தது. "சரி, நான் தள்ளலை," என்று இரண்டடி பின்னால் வந்து, குழந்தையின் தூளியைச் சரிசெய்தாள். கதவு க்ரீச்சென்று தானாகத் திறந்துகொண்டது.

"உள்ளே சேறு இல்லை. நீ போயிட்டு வா," என்று எருமை வந்த வழியே அடிவாரத்துக்கு இறங்கிவிட்டது.

உள்ளே கொடுங்கையன் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான். ஐயோ, அது மாயாவியா, மாயாவியின் நிழலா? கண் குழிவிழுந்து, கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. வலது கை மட்டும் இரும்புக் குண்டு போல இறுகி மூடியிருந்தது.

"எதுக்கு வந்தே?" என்று உறுமினான்.

"அந்த வார்த்தையைக் கொடுத்துடுங்க ஐயா. எம் பொண்ணு செத்துப்போயிடும்," என்று செங்கமலம் காலில் விழுந்தாள்.

"பார்த்தியா? நீயும் வேணும்னுதான் வந்திருக்கே!" என்று அவன் சிரித்தான். அது அழுகிற சிரிப்பு. "முந்நூறு வருஷமா இந்த வாசலுக்கு ஜனங்க வர்றாங்க. மாட்டுக்கு நோவு, மந்திரிச்சு விடு. மகளுக்கு வரன், தாயத்துக் கொடு. தலையில முடி இல்லை, தைலம் கொடு. வாங்கினதும் திரும்பிப் பார்க்காம போயிடுவாங்க. அன்னைக்குச் சந்தையில கேட்டேன். ஒருத்தி இன்னொருத்தி வீட்டுக்கு ஒண்ணும் வேண்டாம, பார்க்கறதுக்குன்னே போறாளாம். எங்கிட்ட அப்படி ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்ததில்லை. எனக்கு இல்லாதது உங்களுக்கு மட்டும் எதுக்கு? அதான் பிடிச்சேன்."

செங்கமலம் அவன் விரலைப் பிடித்துப் பிரித்தாள். விரல்கள் இன்னும் இறுகின.

"சேனாபதி குறடு கொண்டு வந்து இழுத்தான், இறுகிச்சு. பயில்வான் வந்து முறுக்கினான், இறுகிச்சு. அப்புறம் நானே போதும்னு திறக்கப் பார்த்தேன்." அவன் மூடிய கையை நீட்டிக் காட்டினான். "எனக்கே திறக்கலைம்மா. மந்திரமெல்லாம் போட்டுப் பார்த்துட்டேன். அன்னைக்கிருந்து நானும் தூங்கலை. இந்தக் கையால ஒரு வாய் சாப்பிடவும் முடியலை."

செங்கமலத்துக்கு ஆத்திரம் பொங்கியது. இவனால்தானே இவ்வளவும்! ஆனால் அந்த வெடித்த உதட்டைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வடிந்துவிட்டது. இழுக்க முடியாது, தள்ள முடியாது, கெஞ்சியும் ஆகாது. இனிச் செய்ய ஒன்றும் இல்லை. சரி, பசித்துக் கிடக்கிறவனுக்குக் கஞ்சியாவது காய்ச்சலாம் என்று முடிச்சை அவிழ்த்தாள். குகையில் மண்பானை இருந்தது, கொஞ்சம் சுள்ளி இருந்தது.

"எதுக்குச் செய்யறே? கஞ்சி கொடுத்தா கை திறக்கும்னு நினைக்கிறியா?"

"திறக்காதுன்னுதான் நீங்களே சொல்லிட்டீங்களே அண்ணே. வயிறு காஞ்சு கிடக்கீங்க, குடிங்க. அடுப்பை மூட்டணும், இவளைக் கொஞ்சம் வச்சுக்கோங்க."

சிட்டுவைத் தூக்கி அவன் மடியில் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். மாயாவி பதறிப்போனான். முந்நூறு வருஷத்தில் அவனிடம் யார் பிள்ளையைக் கொடுத்தார்கள்? ஆடாமல் அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் முகத்தைப் பார்த்தது. தாடியைப் பார்த்தது. கையை நீட்டி எட்டியது. எட்டியதில் உடம்பு புரண்டு, மடியிலிருந்து பாறைப் பக்கமாகச் சரிந்தது.

"ஐயோ!" என்றான் மாயாவி. இரண்டு கையாலும் குழந்தையை அள்ளினான்.

செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையும் விரிந்து, குழந்தை அவற்றில் பத்திரமாகக் கிடந்தது. வலது கை திறந்திருந்தது! அதிலிருந்து ஓர் இளங்காற்று கிளம்பி, அவள் முகத்தைத் தடவி, கதவைத் தாண்டி ஊரைப் பார்த்துப் போனது.

"நான் திறக்கலையே," என்றான் மாயாவி திகைத்துப்போய். "திறக்கணும்னு நினைக்கக்கூட இல்லையே!"

சிட்டு கொட்டாவி விட்டது. தாடியின் நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனது.

கீழே ஊரில் மாடப்பன் கையிலிருந்து கோடாலி நழுவி விழுந்தது. அவன் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தான். அடுக்களையில் ஆப்ப மாவு பொங்கிப் பானை விளிம்பைத் தொட்டது. பக்கத்து வீட்டுக்காரி எதிர்வீட்டுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

குகையில் செங்கமலம் தூங்கும் மகளைப் பார்த்து நிறைய அழுதாள். "அண்ணே, என் உசிரைக் கொடுத்தீங்க. நீங்க நல்லா இருக்கணும்," என்று கை கூப்பினாள். பிறகு கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். மாயாவி வலது கையால் வாங்கி, பொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். குழந்தையைத் தாயிடம் நீட்டினான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வந்த காரியம் முடிஞ்சுது. போயிட்டு வா," என்றான்.

காலடிச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினான். செங்கமலம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் போகலை? இன்னும் என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் அண்ணே," என்றாள் அவள். "சும்மா உட்கார்ந்திருக்கேன்."

 கொடுங்கையனின் கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. பிறகு பாறையில் சாய்ந்து, முந்நூறு வருஷத்துக் களைப்பும் தீரத் தூங்கினான். அவன் விழிக்கும் வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. மாடப்பன் மூச்சிரைக்க மலையேறி வந்து சேர்ந்தபோது, அவனுக்கும் பேசாதே என்று சாடை காட்டிப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

அதற்கப்புறம் சிட்டுவுக்குப் பெயர் வைத்தார்கள். மடியில் போட்டுப் பெயர் சொன்ன தாய்மாமன் வேறு யார், மாயாவிதான். ஊர் ஜனங்கள் இப்போதும் அந்த மலைக்குப் போகிறார்கள். சிலர் பலாச்சுளை கொண்டு போவார்கள், சிலர் வெறுங்கையோடு போவார்கள். கதவைத் தட்டினால் உள்ளிருந்து, "யாரு? என்ன விஷயம்?" என்று கேட்பான். அவர்கள் சொல்கிற பதிலைக் கேட்பதற்காகவே, தெரிந்த முகமாக இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கேட்பான்.